கிடைத்த நாள்

பதினேழாம் பக்கத்தில் நான் கையெழுத்துப் போடவில்லையாம்.

நாற்பத்தாறு மடைக்கு ஷட்டர்,
திருகுத்தண்டு, சக்கரம், ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டு.
பதினேழாம் பக்கத்தில் ஒன்றுமில்லை.
‘இப்பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டது’ என்று
அவர்களே அச்சடித்திருந்தார்கள்.
அதன் அடியில் ‘ஜெபக்கனி’ இல்லாததால்
என் விலைக்கவரைத் திறக்கவே இல்லை.
ஜெயித்தவர் கிலோவுக்கு என்னைவிடப் பதினோரு ரூபாய் கூட.

தள்ளுபடி உத்தரவு
ஆயுத பூசைக்கு முந்தின நாள் பேட்டைக்கு வந்தது.
பட்டறையில் வெயிலுமுத்து மட்டும்,
குலசைக்கு மாலை போட்டவன்,
அன்று ராத்திரி காளி வேசத்துக்கு வேன் ஏற வேண்டியவன்,
கையெல்லாம் கிரீஸ்.
“அக்கா பேருக்குல்லா வந்திருக்கு.”
“யாராச்சும் போடலாம்டே” என்றார் தபால்காரர்.
போட்டான்.

சர்க்கார் கவர் என்றால் அவனுக்கு மரியாதை.
கணக்கு நோட்டு, வெர்னியர், டிரில் பிட்டு வரிசையில்
அதையும் அடுக்கிவிட்டுப் போனான்.
நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்,
வருசத்தில் ஒரு நாள் லேத்துக்குச் சந்தனம் வைக்கிறவள்.
அரசு முத்திரைக்கும் ஒரு பொட்டு விழுந்தது.
பூசையில் இருந்ததை யார் பிரிப்பார்?
அப்படியே அள்ளி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஒன்பதாம் நாள் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
அவன்தான் கேட்டான்:
“அந்தக் கவர்ல என்னக்கா போட்டிருந்தான்?”

கிடைத்த நாளிலிருந்து பத்து நாள்.
சட்டத்தில் அவ்வளவுதான்.
யாருக்குக் கிடைத்த நாள்?
கைக்கா, கண்ணுக்கா, பீரோவுக்கா?
நடுவில் வந்த விஜயதசமி,
இரண்டாம் சனி, ஞாயிறு,
எல்லாம் நாள்தானா?

பாளையங்கோட்டையில் வக்கீல் சுவிசேஷமுத்து
விரல் மடக்கி எண்ணினார்.
“நாளைக்குக் கடைசி. மெட்ராஸ்ல சீல் விழணும்.
இல்லன்னா ஒண்ணு சொல்லுதேன்.
அந்தப் பய யாருன்னே தெரியாதுன்னு எழுதிருவோம்.
நீங்க பிரிச்ச நாள்தான் கிடைச்ச நாள்.
சம்பளப் பதிவேட்டுல அவன் பேரு இருக்கா?”

இல்லை.
ஆறு வருசமாக அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று
நான் எழுதாமல் விட்ட பேர்.
இப்போது அது வசதி.

வெளியே என் வண்டி மேல் உட்கார்ந்திருந்தான்.
காது மடலில் காளியின் சிவப்பு இன்னும் போகவில்லை.
ஒரு வேளைச் சோற்றில் விரதம் கிடந்து
பத்தாம் நாள் ராத்திரி
தவறாமல் கடற்கரையில் நின்றவன்.

என் கையெழுத்து ஒன்று குறைந்தது.
அவன் கையெழுத்து ஒன்று கூடியது.
இரண்டையும் நான் மாற்ற முடியாது.
“என் பட்டறை ஊழியர் திரு. வெயிலுமுத்து பெற்றுக்கொண்டார்”
என்று டைப் அடிக்கச் சொன்னேன்.
“பி.எஃப். காரன் பாத்தா?” என்றார் வக்கீல்.
பார்க்கட்டும்.

நெல்லை எக்ஸ்பிரஸ், முன்பதிவு இல்லாத பெட்டி,
கழிவறைக் கதவோரம்.
மணியாச்சி தாண்டும்போது தொடங்கி
மதுரை வரும் வரை
எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.
எழுத்தில்லாத பின்பக்கங்களிலும்.
எதிரே முறுக்கு தின்றுகொண்டிருந்த பிள்ளை
“அத்தை இம்போசிஷன் எழுதுறாங்க” என்றது.

கோட்டையில் குமாஸ்தா கவரைத் திருப்பிப் பார்த்தார்.
“என்னம்மா கறை?”
“சந்தனம்.”
ஒன்றும் சொல்லவில்லை.
தேதி முத்திரையை
அதன்மேல் படாமல்
இரண்டு விரல்கடை தள்ளி வைத்தார்.

“பதில் எப்ப வரும் சார்?”
“சீக்கிரம்னுதான் விதி.
‘இயன்றவரை’ன்னும் இருக்கு.”

வாசலில் இறங்குகையில் வெயிலுமுத்து போன்.
பிசானத்துக்குத் தண்ணி விட்டாச்சாம்.
பழைய ஷட்டர் பூராவும் ஒழுகுதாம்.